குண்டு விழுந்த தூரம்

கடலூர் மாநகரின் கிழக்கோரம், கெடிலம் கடலில் கலக்கும் இடத்துக்கு வடக்கே, தேவனாம்பட்டினத்தில் இருந்தது புனித டேவிட் கோட்டை. 1690இல் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி அதை விலைக்கு வாங்கியது. 1758இல் பிரெஞ்சுக்காரர்கள் வெடிவைத்துத் தகர்த்தார்கள். இடையில், 1746 முதல் 1752 வரை, சோழமண்டலக் கரையில் ஆங்கிலேயர்களின் தலைமையிடமே இதுதான். பிரெஞ்சுக்காரர் 1749இல் சென்னப்பட்டணத்தைத் திருப்பிக் கொடுத்த பிறகும் மூன்று ஆண்டுகள் அந்த ஊர் இந்தக் கோட்டைக்குக் கீழ்ப்பட்டிருந்தது. ராபர்ட் கிளைவ் கணக்குப் பேனாவை வைத்துவிட்டு வாளை எடுத்ததும் இங்கேதான். இன்று புவனகிரி, சிதம்பரம், நெய்வேலிப் பக்கத்திலிருந்து விடுமுறை நாட்களில் குடும்பம் குடும்பமாகச் சில்வர் பீச்சுக்கு வருகிறவர்கள் அந்த இடத்துக்கு வெகு அருகில்தான் போகிறார்கள். ஆனாலும் செஞ்சிக்கும் தரங்கம்பாடிக்கும் கிடைத்த பெயர் இதற்குக் கிடைக்கவில்லை. அண்ணாந்து பார்க்க மதில் எதுவும் நிற்கவில்லை என்பதே அதற்குக் காரணம்.

கெடிலக் கரைக்குக் கோட்டை புதிதல்ல. பதின்மூன்றாம் நூற்றாண்டில் இதே ஆற்றின் மேற்பகுதியில், இன்றைய உளுந்தூர்பேட்டைக்கு அருகிலுள்ள சேந்தமங்கலத்தில், காடவர் தலைவன் கோப்பெருஞ்சிங்கன் அரணமைத்து ஆண்டான். சோழப் பேரரசன் மூன்றாம் இராசராசனையே பிடித்துக்கொண்டு போய் அங்கே சிறைவைத்தான். போசள மன்னன் இரண்டாம் நரசிம்மன் படை அனுப்பிச் சோழனை மீட்ட கதை திருவந்திபுரம் தேவநாதப் பெருமாள் கோயில் கல்வெட்டில் இருக்கிறது. அழித்த ஊர்களின் பெயர்களை அந்தக் கல்வெட்டு வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகிறது. வழியில் படைத்தலைவர்கள் பொன்னம்பலத்தை வணங்கியதையும் விடவில்லை. திருவந்திபுரத்திலிருந்து தேவனாம்பட்டினம் சில கிலோமீட்டர்தான். வெள்ளாற்றுக்கும் பெண்ணையாற்றுக்கும் நடுவிலுள்ள இந்தச் சமவெளியில் செஞ்சி போல மலை கிடையாது. அதனால் அரண் வேண்டியவர்கள் ஆற்றையும் கோயில் மதிலையும்தான் நம்பினார்கள். சிதம்பரம் நடராசர் கோயிலின் வெளிமதில் பிற்காலத்தில் பீரங்கிகளைச் சந்தித்த கதை கீழே வரும்.

விஜயநகர ஆட்சி தளர்ந்தபோது இந்தக் கரை செஞ்சி நாயக்கர்கள் கைக்கு வந்தது. மிளகும் சாதிக்காயும் தேடிக் கிழக்கே போன ஒல்லாந்தர்களுக்கு அங்கே கொடுத்து மாற்றிக்கொள்ளத் தமிழ்நாட்டுத் துணி தேவைப்பட்டது. வெள்ளிக் காசைவிட நம் கைத்தறிச் சேலைக்கும் கைலிக்கும்தான் அந்தத் தீவுகளில் மதிப்பு. 1608இல் செஞ்சி நாயக்கரிடம் இசைவு பெற்று அவர்கள் தேவனாம்பட்டினத்தில் பண்டகசாலை தொடங்கினார்கள். போர்ச்சுக்கீசியர் குறுக்கே நின்றதால் வேர்விட முடியாமல் பழவேற்காட்டுக்குத் தலைமையிடத்தை மாற்றிக்கொண்டார்கள். ஆனாலும் துணி வாங்குவதை நிறுத்தவில்லை. தேவனாம்பட்டினக் கோட்டையை முதலில் கட்டியது அரசர் யாரும் அல்லர், உள்ளூர் வணிகர் ஒருவர் என்று பழைய மாவட்ட விவரச் சுவடிகள் சொல்கின்றன. துணி மூட்டைகளையும் காசையும் காக்க எழுந்த மதில் என்று வைத்துக்கொண்டால் இந்தக் கோட்டை ஏன் அவ்வளவு சிறியதாக இருந்தது என்பது விளங்கிவிடும்.

நாயக்கருக்குப் பின் பிஜப்பூர் சுல்தானின் ஆட்கள் வந்தார்கள். வாலிகண்டபுரத்தைத் தலைமையாகக் கொண்டு தென்பகுதியைக் கவனித்தவர் ஷேர் கான் லோடி; புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் குடியேற இடங்கொடுத்ததும் அவரே. 1677இல் சிவாஜி செஞ்சியைப் பிடித்துக்கொண்டு தெற்கே இறங்கினார். திருவதிகையருகே மோதிய ஷேர் கான் தோற்று ஓடினார். ஓடி ஒளிந்த இடம் புவனகிரி. புதுச்சேரியை நிறுவிய பிரான்சுவா மார்த்தேன் தன் நினைவுக் குறிப்பில் 'போனகிர் பட்டணம்' என்று எழுதியிருப்பது இந்த ஊரைத்தான் என்று ஆய்வாளர்கள் கொள்கிறார்கள். மராத்தியர் ஊரைச் சுற்றி வளைத்தனர். ஜூலைத் தொடக்கத்தில் ஷேர் கான் பணிந்து, ஆண்ட நிலம் முழுவதையும் கொடுத்தார். 20,000 வராகன் தருவதாக ஒப்புக்கொண்டு, தொகை வந்து சேரும்வரை மகனைப் பிணையாக விட்டார். வெள்ளாற்றின் வடகரையில், இன்று விருத்தாசலம் - சிதம்பரம் சாலையில் பேருந்து நின்று போகும் ஊராக மட்டும் பலர் அறிந்த புவனகிரியில்தான் கடலூர்க் கரை பிஜப்பூரிடமிருந்து மராத்தியருக்குக் கைமாறியது. அது நடக்காவிட்டால் பதின்மூன்று ஆண்டு கழித்துத் தேவனாம்பட்டினக் கோட்டையை விற்க மராத்தியருக்கு உரிமையே இருந்திருக்காது.

விற்றவர் சிவாஜியின் இளைய மகன் ராஜாராம். மகாராட்டிரத்திலிருந்து தப்பி 1689இல் செஞ்சிக்கு வந்து சேர்ந்தவரை, ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகர் கான் துரத்தி வந்து முற்றுகையிட்டார். அந்த முற்றுகை 1698 வரை இழுத்தது. உள்ளே இருந்தவருக்குப் பணம் வேண்டியிருந்தது. கம்பெனிக்கோ பரங்கிப்பேட்டையிலும் கடலூரிலும் பண்டகசாலைகள் இருந்தும், சண்டை வந்தால் ஒதுங்க ஒரு மதில் இல்லை. சென்னப்பட்டணத்து ஆளுநர் எலிஹு யேல் பேரம் பேசினார். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் கொடுத்த அதே யேல். அவர் குடும்பம் வேல்சு நாட்டைச் சேர்ந்தது. வேல்சின் காவல் புனிதர் டேவிட். இளம் வயதில் இறந்த அவர் மகன் பெயரும் டேவிட். கோட்டைப் பெயருக்கு இந்த இரண்டையும் காரணமாகச் சொல்வார்கள்.

ஒப்பந்தத்தில் விசித்திரமான பகுதி எல்லையைப் பற்றியது. கோட்டையோடு, அதைச் சுற்றிப் பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம் வரை உள்ள நிலமும் கம்பெனிக்கு. வாங்குகிறவரே பீரங்கியைத் தேர்ந்தெடுக்கலாம் என்றால் வாங்குகிறவர் சும்மா இருப்பாரா? சென்னையிலிருந்து நல்ல பித்தளைப் பீரங்கி ஒன்றும், கைதேர்ந்த பீரங்கிக்காரரும் கப்பலில் வந்தார்கள். 1690 செப்டம்பரில் கோட்டையிலிருந்து ஒவ்வொரு திசையிலும் குண்டு வீசப்பட்டது. குறி பார்த்து நேரே சுடுவது வேறு; பீரங்கியின் வாயை வானம் நோக்கித் தூக்கி, எவ்வளவு தூரம் போகுமோ அவ்வளவு தூரம் விடுவது வேறு. இங்கே நடந்தது இரண்டாவது வகை. கடலூர்ப் பழைய நகரமே குண்டெல்லைக்குள் வந்துவிட்டது. ஏரியும் வாய்க்காலும் எல்லைக் கல்லும் பார்த்து நிலம் அளந்த நாட்டில் வெடிமருந்து நில அளவைக்காரன் ஆகிவிட்டது.

எல்லைக்குள் சிக்கிய ஊர்களுக்குக் 'குண்டு கிராமங்கள்' என்று பெயர் விழுந்தது. குண்டு உப்பலவாடி என்ற ஊராட்சியும், கடலூர் நகருக்குள் குண்டு சாலை என்ற பெயரும் இன்றும் புழக்கத்தில் இருக்கின்றன. பீரங்கி எட்டும் தூரம்வரை அதிகாரம் என்ற கருத்தை ஐரோப்பியச் சட்ட அறிஞர்கள் பின்னால் கடலுக்குப் பயன்படுத்தினார்கள்: 1700களின் தொடக்கத்தில் ஒல்லாந்தச் சட்டவியலாளர் பிங்கர்ஷோக், கரையிலிருந்து ஆயுதம் எட்டும் தூரம் வரையே ஓர் அரசின் கடல் ஆட்சி என்று எழுதினார். மூன்று கடல்மைல் என்ற பழைய கடலெல்லை விதியை அந்தக் கருத்தோடு சேர்த்தே பேசுவது வழக்கம். தேவனாம்பட்டினத்தில் அது அதற்குமுன்பே, அதுவும் நிலத்தில், மனிதர்கள் குடியிருந்த ஊர்களின்மேல் சோதித்துப் பார்க்கப்பட்டுவிட்டது. வயலில் நின்றவர்களிடம் யாரும் கேட்கவில்லை.

அடுத்த அரை நூற்றாண்டு பெரும்பாலும் வியாபாரம்தான். சேலத்திலிருந்தும் உள்நாட்டு நெசவூர்களிலிருந்தும் மாட்டுவண்டியில் வந்த நீளத் துணிகள் இங்கே பிரித்துப் பார்க்கப்பட்டு, வெளுக்கப்பட்டு, மூட்டை கட்டப்பட்டுக் கப்பல் ஏறின. துறைமுகம் என்று சொல்லத்தக்க ஒன்று கிடையாது; கப்பல்கள் திறந்த கடலில் நங்கூரமிட்டு நிற்க, கயிற்றால் தைத்த பலகைப் படகுகள் அலையைத் தாண்டிச் சரக்கு ஏற்றிச் சென்றன. ஐப்பசி, கார்த்திகை மழைக் காலத்தில் கப்பல்கள் இந்தக் கரையை விட்டே விலகிவிடும். கோட்டைக்கு மேற்கே மஞ்சக்குப்பத்தில் ஆளுநருக்குத் தோட்ட மாளிகை எழுந்தது. தரங்கம்பாடி லுத்தரன் பாதிரி சீகன்பால்க் 1717 வாக்கில் கடலூரில் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி வைத்தார்.

உள்சண்டைக்கும் குறைவில்லை. 1713இல் கோட்டையின் துணை ஆளுநர் ராவர்த், சென்னை ஆளுநர் ஹாரிசனுக்குக் கணக்குக் காட்ட மறுத்து, கதவைச் சாத்திக்கொண்டு எதிர்த்து நின்றார். கம்பெனிப் படையே கம்பெனிக் கோட்டையை வளைத்தது. கடைசியில் உயிருக்கு உறுதி வாங்கிக்கொண்டு புதுச்சேரி வழியாக ஐரோப்பா போனவர் பாரிசில் இறந்தார்.

1746 செப்டம்பரில் லபூர்தொன்னேயின் பிரெஞ்சுக் கப்பற்படை சென்னப்பட்டணத்தைப் பிடித்தது. கைதாக இருக்க மறுத்து, உள்ளூர்க்காரர் உடையில் தப்பி நடந்து தேவனாம்பட்டினம் வந்தவர்களில் இருபத்தொரு வயது எழுத்தர் கிளைவும் ஒருவர். புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளே உட்கார்ந்திருக்க, இருபது கிலோமீட்டருக்குச் சற்றே கூடிய தூரத்தில் இந்தச் சின்னக் கோட்டை மட்டும் மிஞ்சியது. டூப்ளே திரும்பத் திரும்ப முயன்றார். 1746 டிசம்பரில் அவருடைய படை மஞ்சக்குப்பம் தோட்ட மாளிகைவரை வந்து, காவல் போடாமல் சாப்பாட்டில் இறங்கிய நேரத்தில், ஆர்க்காட்டு நவாபின் மகன்கள் மாபூஸ் கானும் முகமது அலியும் கொண்டுவந்த குதிரைப்படையைக் கண்டு ஓடியது. 1747 மார்ச்சில் ஆங்கிலக் கப்பல்கள் தலைகாட்டியதும் திரும்பியது.

மூன்றாவது முயற்சியில் ஏமாந்தது சுவையான கதை. 1748 ஜனவரியில் வந்து படைத்தலைமை ஏற்ற ஸ்ட்ரிங்கர் லாரன்சு, ஜூனில் பிரெஞ்சுப் படை நெருங்குவது தெரிந்ததும் பட்டப்பகலில், எல்லோர் கண்ணும் பார்க்க, கடலூர் நகரத்துப் பீரங்கிகளையும் ஆட்களையும் வண்டி கட்டிக் கோட்டைக்குள் கொண்டுபோனார். ஊர் காலி என்று ஒற்றர்கள் போய்ச் சொன்னார்கள். இருட்டியதும் அத்தனையும் சத்தமில்லாமல் பழைய இடத்துக்குத் திரும்பின. நள்ளிரவில் ஏணியைச் சாத்தி அலட்சியமாக ஏறிய பிரெஞ்சுக்காரர்கள்மேல் மதிலிலிருந்து சிதறுகுண்டு பொழிந்தது. விடியும்போது அவர்கள் புதுச்சேரிச் சாலையில் இருந்தார்கள். அந்த ஆண்டுகளில் புதுச்சேரியில் டூப்ளேயின் துபாஷாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் எழுதிவந்த தமிழ் நாட்குறிப்பில் தேவனாம்பட்டினச் செய்திகள் அடிக்கடி வருகின்றன. ஆங்கிலேயர் எழுதிய வெற்றிக் கதைக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து, அதுவும் தமிழில், இப்படி ஒரு சாட்சி கிடைத்திருப்பது அபூர்வம்.

தலைமையிடமான பிறகு கோட்டையைப் பலப்படுத்தும் வேலை தீவிரமானது. நாலு மூலையிலும் கொத்தளம் கொண்ட பழைய சதுரத்துக்கு வெளியே முன்காப்பு மதில்கள், நீர் அகழி, பகைவன் நெருங்கினால் வெடிக்க வைக்கும் சுரங்கங்கள் எல்லாம் வந்தன. இந்த வேலைகளுக்குக் கம்பெனி 1750இல் அனுப்பிய பொறியாளர் பெஞ்சமின் ராபின்சு. குண்டு எப்படிப் பறக்கிறது என்பதைக் கணக்குக்குள் கொண்டுவந்தவர் அவர். சுட்ட குண்டின் வேகத்தை அளக்க ஊசல் கருவி அமைத்தார். குண்டைப் பின்னுக்கு இழுக்கும் காற்றின் தடை, வேகமாகப் போகும் துப்பாக்கிக் குண்டில் அதன் எடையைப்போல் நூறு மடங்குக்கும் மேலே போகும் என்று 1742இல் வெளியிட்ட நூலில் காட்டினார். அதுவரை பலர் காற்றைக் கணக்கிலேயே சேர்க்காமல், குண்டு வெற்றிடத்தில் போவதுபோல் வளைவுக்கோடு வரைந்துகொண்டிருந்தார்கள். கணித மேதை ஆய்லர் அந்த நூலை 1745இல் செருமானிய மொழியில் பெயர்த்தார். ராபின்சு 1751 ஜூலையில் காய்ச்சலால் இங்கேயே இறந்தார். அறுபது ஆண்டுக்கு முன் ஒரு பீரங்கிக்காரர் அனுமானத்தில் எல்லை அளந்த இடத்தில், அந்த அனுமானத்தைக் கணிதமாக்கியவர் வந்து கண்மூடினார். இதைவிடப் பொருத்தமான இடத்தை வரலாறு அவருக்குத் தேடிக் கொடுத்திருக்க முடியாது.

வியாபாரக் கம்பெனி நாடு பிடிக்கும் கம்பெனியாக மாறிய முதல் அடிகளும் இங்கிருந்தே எடுத்துவைக்கப்பட்டன. 1749 ஏப்ரலில் தஞ்சை அரியணை கேட்ட சாகுஜிக்கு உதவுவதாகச் சொல்லி ஒரு படை கோட்டையிலிருந்து புறப்பட்டு வெள்ளாற்றையும் கொள்ளிடத்தையும் நோக்கி நடந்தது. குறி, கொள்ளிடக் கழிமுகத்துத் தீவுக்கோட்டை. அந்த மாதம் அடித்த புயலில், கோட்டைக்கு எதிரே கடலில் நின்ற போர்க்கப்பல் நாமூர் 500க்கு மேற்பட்ட ஆட்களோடு மூழ்கியது. பெம்புரோக்கு என்ற கப்பலும் கரையில் மோதி உடைந்தது. படை வெறுங்கையோடு திரும்பியது. ஜூனில் லாரன்சு கடல்வழியாகப் போய்த் தீவுக்கோட்டையைப் பிடித்தார். மதிலுடைப்பில் முன்னால் நின்றவர் கிளைவ். பிடித்த பிறகு சாகுஜியை அரியணையேற்றும் பேச்சே எழவில்லை. அடுத்து, 1751இல் கிளைவ் ஆர்க்காட்டின்மேல் பாய இசைவு கொடுத்த ஆளுநர் சாண்டர்சு உட்கார்ந்திருந்ததும் தேவனாம்பட்டினத்தில்தான். 1752இல் தலைமையிடம் சென்னைக்குப் போனது. 1756இல் கிளைவ் இங்கே துணை ஆளுநராக வந்தார். சில வாரங்களிலேயே வங்காளத்துக்கு அழைப்பு வந்தது. மறு ஆண்டு பிளாசிப் போர்.

கோட்டையின் முடிவு ஐந்து வாரத்தில் நடந்தது. 1758 ஏப்ரல் இறுதியில் பிரெஞ்சுக் கப்பற்படை கடலூருக்கு எதிரே தோன்றியது. அங்கே நின்ற பிரிட்ஜ்வாட்டர், டிரைட்டன் என்ற இரண்டு ஆங்கிலக் கப்பல்களை அவற்றின் மாலுமிகளே கரையில் ஏற்றிக் கொளுத்தினார்கள். புதுச்சேரியில் இறங்கிய பிரெஞ்சுத் தளபதி லாலி, மூட்டை பிரிக்கவும் பொறுக்காமல் அன்றிரவே படையை அனுப்பினார். சுமை தூக்க மாடும் ஆளும் கிடைக்காதபோது, சாதி பாராமல் கண்ணில் பட்டவரையெல்லாம் பிடித்து வண்டி இழுக்க வைத்தார்; கறுப்பர் பட்டணத்துப் பெரிய மனிதரும் கோயில் குருக்களும் தப்பவில்லை. அதனால் உண்டான வெறுப்பு பின்னால் அவருக்குப் பெரும் கேடாக முடிந்தது. மே முதல் வாரத்தில் கடலூர் நகரம் பணிந்தது. ஜூன் 2ஆம் தேதி கோட்டையும் பணிந்தது. காவலுக்கு மேஜர் போலியே என்ற சுவிட்சர்லாந்துக்காரர். வெளிமதில்கள் விரிந்துகொண்டே போயிருந்தன, அவற்றைக் காக்க ஆள் போதவில்லை. குண்டு விழுந்து குடிநீர் கெட்டது. சிப்பாய்களில் பலர் ஓடிவிட்டார்கள், எஞ்சியவர்களில் பலர் சாராயத்தில் மூழ்கிக் கிடந்தார்கள். உதவிக்கு வர வேண்டிய ஆங்கிலக் கடற்படைத் தலைவர் போகாக்கின் கப்பல்கள் காற்று எதிர்த்ததால் வந்து சேரவில்லை. காசைக் கொட்டிப் பெருக்கிய மதில்களே கோட்டையைப் பலவீனமாக்கின என்று சொன்னால் தவறாகாது. லாலி அதை வைத்துக்கொள்ளாமல் வெடிவைத்து இடித்தார். கடலூரில் மதபோதகராக இருந்த கியர்நாண்டர் அந்த ஆண்டே கல்கத்தாவுக்குப் போய்விட்டார்.

1760இல் ஆங்கிலேயர் திரும்பி வந்தார்கள். ஆனால் கோட்டையைப் பழையபடி எழுப்பவில்லை. அதற்குப்பின் இந்தப் பகுதியின் சண்டைகள் தெற்கே நகர்ந்தன. 1753இல் பிரெஞ்சுக்காரர் எடுத்துக்கொண்ட சிதம்பரம் கோயில் அரணும் 1760இல் ஆங்கிலேயரிடம் வந்தது. பிறகு மைசூர் ஹைதர் அலியின் காவல் அங்கே இருந்தபோது, 1781 ஜூன் 18இல் ஆங்கிலத் தளபதி அயர் கூட் தாக்கிப் பார்த்துத் தோற்றுப் பின்வாங்கினார். வழிபாட்டுக்காக எழுப்பிய கல்மதில் பீரங்கிப் படையைத் திருப்பி அனுப்பியது. இரண்டு வாரம் கழித்து ஜூலை 1இல் பரங்கிப்பேட்டையருகே, தன்னைவிடப் பலமடங்கு பெரிய ஹைதர் படையைக் கூட் முறியடித்தார். 1782இல் பிரெஞ்சுக்காரரும் மைசூர்ப் படையும் கடலூரைப் பிடித்தார்கள். 1783 ஜூன் 13இல் ஆங்கிலேயரின் ஜெனரல் ஸ்டூவர்ட்டும் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸியும் ஊருக்குத் தெற்கே மோதி இருபக்கமும் ஏராளமான ஆட்களை இழந்தார்கள். ஒரு வாரம் கழித்துக் கடலில் பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் சுப்ரேனும் ஆங்கிலக் கடற்படைத் தலைவர் ஹியூசும் மோதினார்கள். ஐரோப்பாவில் ஜனவரியிலேயே சமாதானம் எழுதியாகிவிட்டிருந்தது. செய்தி வந்து சேர ஐந்து மாதத்துக்கு மேல் ஆனது.

1801இல் கர்நாடகம் முழுவதும் கம்பெனிக்கு வந்தபோது தென்னார்க்காடு மாவட்டம் உருவாகி, கடலூர் தலைநகரானது. மஞ்சக்குப்பம் தோட்ட மாளிகை மாவட்ட ஆட்சியரின் குடியிருப்பாயிற்று. கோட்டை இருந்த மேட்டில் பங்களா எழுந்தது. இன்று பார்க்கக் கிடைப்பவை ஆற்றுப் பக்கத்தில் புதருக்குள் தெரியும் செங்கல் சுவர்த் துண்டுகள், அகழி இருந்த தாழ்வான தடம், மண்ணுக்குள் போகும் சில கட்டுமானங்கள் அவ்வளவே. கிட்டப் போனால் சுண்ணாம்புக் காரை இன்னமும் செங்கல்லைவிட உறுதியாகப் பிடித்திருப்பது தெரியும். உப்புக்காற்று அரித்தது செங்கல்லைத்தான். 2004 ஆழிப்பேரலை தேவனாம்பட்டினத்தைக் கடுமையாகத் தாக்கியது. 2011 டிசம்பர் 30இல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியது. மண்ணும் மணலும் ஒவ்வொரு முறையும் புரண்டிருக்கின்றன.

கோட்டையைப் பார்க்க வருகிறவர் மதிலை மட்டும் தேடினால் ஏமாறுவார். தேவனாம்பட்டினத்து மேட்டைப் பார்த்துவிட்டு, மஞ்சக்குப்பம் வழியாகக் குண்டு சாலை, வடக்கே பெண்ணைப் பக்கம் குண்டு உப்பலவாடி, தெற்கே ஆற்றைத் தாண்டி முதுநகர் என்று ஒரு சுற்று வர வேண்டும். 1690இல் பீரங்கி அளந்த நிலத்தின் பெரும்பகுதி அந்தச் சுற்றுக்குள் வந்துவிடும். திருவந்திபுரம் கல்வெட்டையும் சேர்த்துக்கொண்டு, திரும்பும் வழியில் சிதம்பரம் கோயில் வெளிமதிலையும் புவனகிரியில் வெள்ளாற்றுக் கரையையும் பார்த்தால், சேந்தமங்கலத்துக் காடவரிலிருந்து கம்பெனிவரை ஏறத்தாழ ஐந்தரை நூற்றாண்டுக் கோட்டை வரலாறு ஒரே நாளில் கண்முன் வந்துவிடும்.